நுனிநாக்கு ஆங்கிலம் ஆகாயத்தில் எடுபடாது!

உலகத்துக்குப் பொதுவான ஆங்கிலம் எது? லண்டன்காரர் பேசுவதா, நியூயார்க்காரர் பேசுவதா? இரண்டும் இல்லை என்று விமானிகளும் மாலுமிகளும் பட்டுத் தெரிந்துகொண்டு அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. அந்தப் பாடம் ஆய்வுக்கூடத்துக்கும் வகுப்பறைக்கும்தான் இன்னும் வந்து சேரவில்லை.

‘ஓகே’வுக்குப் பிறகு ஒரு விசில்

1977 மார்ச் 27, ஞாயிற்றுக்கிழமை மாலை. ஸ்பெயினைச் சேர்ந்த கேனரித் தீவுகளில் ஒன்று டெனரீஃப். அங்குள்ள லாஸ் ரோடியோஸ் விமான நிலையத்தில் அன்று தாங்க முடியாத நெரிசல். பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால், அங்கே இறங்க வேண்டிய பெரிய விமானங்களெல்லாம் இங்கே திருப்பிவிடப்பட்டிருந்தன. இருப்பதோ ஒரே ஓடுபாதை. மாலையில் மேகம் தரைவரை இறங்கிவிட்டது. கோபுரத்திலிருந்து பார்த்தால் ஓடுபாதை தெரியவில்லை. தரையில் நகரும் விமானங்களைக் காட்டும் ரேடாரும் அங்கே கிடையாது.

நெதர்லாந்தின் கே.எல்.எம். ஜம்போ ஓடுபாதையின் ஒரு முனையில் புறப்படத் தயாராக நின்றது. அதே ஓடுபாதையில், எதிர்த் திசையிலிருந்து அமெரிக்காவின் பான் ஆம் ஜம்போ மெல்ல ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. கோபுரத்தில் இருந்தவர் ஸ்பானியர். டச்சுக்காரர், அமெரிக்கர், ஸ்பானியர் மூவரும் வானொலியில் பேசியது ஆங்கிலம்.

வானில் ஏறிய பிறகு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எந்த வழியே போக வேண்டும் என்ற விவரத்தைக் கோபுரம் கே.எல்.எம். விமானத்துக்குச் சொன்னது. அது பாதைக்கான அனுமதிதான், புறப்படுவதற்கான அனுமதி அல்ல. ஆனால் அந்த வாக்கியத்துக்குள்ளேயே ‘டேக்-ஆஃப்’ என்ற சொல் இருந்தது. துணை விமானி விவரத்தைத் திருப்பிச் சொல்லிவிட்டு, கடைசியில் ‘வீ ஆர் நவ் அட் டேக்-ஆஃப்’ என்றார். புறப்படும் இடத்தில் தயாராக நிற்கிறோம் என்று கோபுரம் அதை எடுத்துக்கொண்டது. அவர்களோ ஓடத் தொடங்கிவிட்டிருந்தார்கள். கோபுரம் ‘ஓகே’ என்றது. ஒரு கணம் கழித்து, ‘புறப்படக் காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன்’ என்றும் சொன்னது. அதே நொடியில் பான் ஆம் விமானியும், ‘நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்’ என்று பேசினார். ஒரே அலைவரிசையில் இருவர் பேசினால் இரண்டுமே கெடும். கே.எல்.எம். விமானி அறையில் ‘ஓகே’ மட்டும் தெளிவாகக் கேட்டது. அதன் பிறகு கேட்டது ஒரு விசில் ஓசை.

583 பேர் இறந்தார்கள். கே.எல்.எம். விமானத்தில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. பான் ஆமில் 61 பேர் தப்பினார்கள். விமான வரலாற்றில் இன்றுவரை இதைவிடப் பெரிய விபத்து இல்லை.

பழியை முழுக்க மொழியின் தலையில் கட்டிவிட முடியாது. பனி மூட்டம் இருந்தது. பணி நேர வரம்பு முடிவதற்குள் கிளம்பியாக வேண்டும் என்ற கேப்டனின் அவசரமும் இருந்தது. ‘அந்த பான் அமெரிக்கன் விலகிவிட்டதா?’ என்று விமானப் பொறியாளர் டச்சு மொழியில் கேட்ட கேள்வியை, மூத்த கேப்டன் ஒரே சொல்லில் ஒதுக்கினார். ஆனாலும் விசாரணைக்குப் பிறகு மாறியவற்றில் முக்கியமானது பேச்சுமுறை. ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லைப் புறப்பட அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே உச்சரிக்க வேண்டும். மற்ற நேரமெல்லாம் ‘டிபார்ச்சர்’ என்றே சொல்ல வேண்டும் என்று விதி வந்தது. ‘ஓகே’ போன்ற வழவழ ஒப்புதலுக்கும் இடமில்லாமல் போயிற்று.

மேசைக்கு வந்தவர்களின் மொழி

ஆகாயத்தில் ஆங்கிலம் வந்ததற்கு அந்த மொழியின் தனிச்சிறப்பு காரணம் அல்ல. 1944 டிசம்பரில், உலகப் போர் முடியும் முன்பே, சிகாகோவில் கூடி 52 நாடுகள் சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. ஜெர்மனியும் ஜப்பானும் எதிரி நாடுகள்; சோவியத் யூனியன் வரவில்லை. பெரிய பயணிகள் விமானங்களை அப்போது அதிகம் செய்துகொண்டிருந்தது அமெரிக்கா. அந்த உடன்படிக்கையில் பிறந்த சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ., 1950-களின் தொடக்கத்தில் வானொலிப் பேச்சுக்கு ஆங்கிலத்தைப் பரிந்துரைத்தது. யார் மேசைக்கு வந்தார்களோ அவர்களின் மொழி நிலைத்தது.

ஆனால் விதியை உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும். தரையில் உள்ள நிலையம் வழக்கமாகப் பயன்படுத்தும் மொழியிலும் பேசலாம். வெளிநாட்டு விமானி ஆங்கிலத்தில் கேட்டால், ஆங்கிலத்தில் பதில் சொல்ல ஆள் இருக்க வேண்டும். உள்ளூர் மொழிக்குத் தடை இல்லை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் விமானிகளோடு பிரெஞ்சில் பேசலாமா என்ற சண்டை 1976-ல் நாடு தழுவிய வேலைநிறுத்தம் வரை போனது. இரண்டு மொழியில் பேசினால் ஆபத்து என்றது ஒரு தரப்பு. பிறகு அமைக்கப்பட்ட விசாரணைக் குழு, இருமொழியால் பாதுகாப்பு கெடாது என்று 1979-ல் சொல்லிவிட்டது.

காத்திருக்கும் வரிசையில்

டெனரீஃபுக்குப் பிறகு சொற்கள் ஒழுங்காயின. ஆனால் மனப்பாடம் செய்த சொற்றொடர்கள் வழக்கமான நாளுக்குத்தான் உதவும். நிலைமை கைமீறும்போது என்ன செய்வது?

1990 ஜனவரி 25 இரவு, கொலம்பியாவின் ஏவியான்கா நிறுவனத்தின் 52-ஆம் எண் விமானம் நியூயார்க்கை நெருங்கியது. மோசமான வானிலை. மொத்தம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் அது வானில் சுற்றிக் காத்திருக்க வைக்கப்பட்டது. எரிபொருள் தீர்ந்துகொண்டே வந்தது. கேப்டனுக்கு ஆங்கிலம் அதிகம் வராது. துணை விமானிதான் கோபுரத்தோடு பேசினார். ‘அவசரநிலை என்று சொல்’ என்று கேப்டன் ஸ்பானிய மொழியில் திரும்பத் திரும்பச் சொன்னது ஒலிப்பதிவில் இருக்கிறது. சொல்லிவிட்டதாக அவரும் பதில் சொன்னார். ஆனால் வானொலியில் அவர் சொன்னது ‘முன்னுரிமை வேண்டும்’, ‘எரிபொருள் தீர்ந்து வருகிறது’ என்பவைதான். ‘எமர்ஜென்சி’, ஆபத்து அழைப்பான ‘மேடே’ என்ற சொற்கள் வாயிலிருந்து வரவே இல்லை. எல்லா விமானமும் அவசரப்படும் ஓர் இரவில், கட்டுப்பாட்டாளரின் காதில் அது இன்னொரு முனகலாகப் போய்விட்டது. லாங் ஐலண்டில் ஒரு குன்றின் மீது விமானம் விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். டாங்கில் எரிபொருள் இல்லாததால் தீகூடப் பிடிக்கவில்லை.

அடுத்தது நம் நாட்டில். 1996 நவம்பர் 12, ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே. தில்லியிலிருந்து கிளம்பிய சவூதி ஜம்போவும், தில்லியில் இறங்க வந்த கஜகஸ்தான் விமானமும் நேருக்கு நேர் வந்தன. கஜக் விமானம் 15,000 அடியில் நிற்க வேண்டும், சவூதி விமானம் 14,000 அடியில். இடையில் ஆயிரம் அடி இருந்திருந்தால் இரண்டும் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கும். கஜக் விமானத்தில் ஆங்கிலம் பேசியவர் கேப்டன் அல்ல, பின்னால் உட்கார்ந்திருந்த வானொலி இயக்குநர். அவருக்குத் தனியாக உயரம் காட்டும் கருவி கிடையாது. விமானிகளின் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்க வேண்டும். எதிரே வரும் விமானம் 14 மைல் தொலைவில் என்று தில்லி சொன்னது. அது பறக்கும் உயரமும் ‘ஒன்று-நான்கு-பூஜ்யம்’. சில நொடிகளில் இரண்டு பதினான்கு. கஜக் விமானம் தனக்கு அனுமதித்த உயரத்தை விட்டுக் கீழே இறங்கியது. 349 பேர் இறந்தார்கள். நடுவானில் நடந்த மோதல்களில் இதுவே மிகப் பெரியது. நீதிபதி லகோட்டி தலைமையிலான விசாரணை, கஜக் விமானிகளின் போதாத ஆங்கிலத்தையும், அதனால் கட்டளைகளைத் தவறாகப் புரிந்துகொண்டதையும் காரணங்களில் சேர்த்தது.

இதன் பிறகுதான் ஐ.சி.ஏ.ஓ. முழுதாக விழித்தது. 1998-ல் தீர்மானம், 2003-ல் விதி, 2008 மார்ச் முதல் அமல், பின்தங்கிய நாடுகளுக்கு 2011 வரை அவகாசம். சர்வதேசப் பாதையில் பறக்கும் விமானியும் அவரோடு பேசும் கட்டுப்பாட்டாளரும் ஆறு நிலைகள் கொண்ட அளவுகோலில் நான்காம் நிலையையாவது எட்ட வேண்டும். உச்சரிப்பு, வாக்கிய அமைப்பு, சொல்வளம், சரளம், புரிதல், உரையாடும் திறன் ஆகிய ஆறிலும் தனித்தனி மதிப்பீடு. ஐந்தில் ஆறாம் நிலை வாங்கி, ஒன்றில் மூன்றாம் நிலை வாங்கினால் கிடைப்பது மூன்றாம் நிலைதான். நான்காம் நிலையில் இருப்பவர் மூன்றாண்டுக்கு ஒருமுறை மறுபடி தேர்வு எழுத வேண்டும்.

இந்த அளவுகோலில் எங்கேயும் ‘பிரிட்டிஷ் உச்சரிப்பு’ என்ற பேச்சே இல்லை. தாய்மொழியின் சாயல் தெரிந்தால் பரவாயில்லை, கேட்பவருக்குப் புரிவதை அது எப்போதாவதுதான் தடுக்கிறது என்றால் தேர்ச்சி. நெல்லைக்காரரின் ஆங்கிலத்தில் நெல்லை கேட்கலாம். கொரியரின் ஆங்கிலத்தில் கொரியா கேட்கலாம்.

தாய்மொழிக்காரரும் தப்பவில்லை

இதுவரை பார்த்தவற்றை வைத்து, ‘ஆங்கிலம் சரியாக வராதவர்களால் வந்த வினை’ என்று முடிவுகட்டத் தோன்றும். 1989 பிப்ரவரி 19 அந்த முடிவைத் தகர்க்கிறது.

ஃப்ளையிங் டைகர் என்ற அமெரிக்கச் சரக்கு நிறுவனத்தின் ஜம்போ, சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு வந்துகொண்டிருந்தது. ஓட்டியவர்கள் அமெரிக்கர்கள். 2,400 அடிக்கு இறங்கும்படி கட்டுப்பாட்டாளர் சொன்னார். அவர் வாயிலிருந்து வந்தது ‘டிசென்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ’. முதலில் வந்த ‘டூ’ எண் இரண்டு. விமானிகளின் காதில் அது ‘வரைக்கும்’ என்று பொருள்படும் இன்னொரு ‘டூ’வாக விழுந்தது. நானூறு அடி வரைக்கும் இறங்கு! ‘ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ’ என்று திருப்பிச் சொன்னார்கள். அந்தப் பதிலில் ஓர் எண் குறைவதைக் கோபுரமும் பிடிக்கவில்லை. விமானம் மலையில் மோதி, இருந்த நால்வரும் இறந்தார்கள்.

தாய்மொழி என்பதால் அவர்கள் காது அந்த ‘டூ’வை யோசிக்காமல் இட்டு நிரப்பிக்கொண்டது. ‘ஆல்டிட்யூட்’ என்ற ஒரு சொல்லை எண்ணுக்கு முன்னால் போட்டிருந்தால் குழப்பமே வந்திருக்காது. ஐ.சி.ஏ.ஓ.வின் வழிகாட்டி நூல் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கும் கடமை விதிப்பது இதனால்தான்: நிதானமாகப் பேசு, மரபுத்தொடர்களைத் தவிர், எதிராளிக்குப் புரிந்ததா என்று உறுதி செய்.

கேட்பவரை வைத்துச் செதுக்கியது

விமானிகள் எழுத்துகளைச் சொல்லும் ‘அல்ஃபா, பிராவோ, சார்லி’ வரிசையைப் பலரும் கேட்டிருப்பார்கள். மான்ட்ரியால் பல்கலைக்கழக மொழியியலாளர் ழான்-பால் வினேயின் உழைப்பில் தொடங்கி, பல நாட்டவர் காதில் சோதித்துத் திருத்தி, 1956-ல் இறுதி வடிவம் பெற்றது அது. ‘அல்ஃபா’வை ஆங்கில அகராதி எழுதுகிறபடி எழுதாமல் ‘எஃப்’ போட்டு எழுதினார்கள். இல்லாவிட்டால் சில மொழிக்காரர்கள் ‘அல்ப்பா’ என்று படித்துவிடுவார்கள். ‘ஜூலியட்’டின் கடைசியில் இரண்டு ‘டி’. ஒன்று மட்டும் இருந்தால் பிரெஞ்சுக்காரர் அதை விழுங்கிவிடுவார்.

எண்களிலும் இதே கவனம். ஒன்பது ‘நைனர்’ ஆனது, ஐந்து ‘ஃபைஃப்’ ஆனது. ‘நைன்’, ‘ஃபைவ்’ இரண்டும் இரைச்சலில் ஒன்றுபோலக் கேட்கும். மூன்று ‘ட்ரீ’, ஆயிரம் ‘டவ்ஸண்ட்’. ஆங்கிலத்தின் அடையாளமாகச் சொல்லப்படும் ‘த்ரீ’யின் முதலில் வரும் பல்லிடுக்கு ஒலியை உலகில் பெரும்பாலோர் உச்சரிப்பதில்லை என்று அதையே எடுத்துவிட்டார்கள். நம் பள்ளியில் ‘ட்ரீ’ என்று சொன்ன பையனைப் பார்த்துச் சிரிப்பார்கள். விமானியின் கையேடு அப்படித்தான் சொல்லச் சொல்கிறது.

எல்லாவற்றுக்கும் மேல் ‘ரீட்-பேக்’. கட்டுப்பாட்டாளர் கட்டளை தருகிறார். விமானி அதை எண் பிசகாமல் திருப்பிச் சொல்கிறார். கட்டுப்பாட்டாளர் அதைக் கேட்டுச் சரிபார்க்கிறார், தவறு இருந்தால் உடனே திருத்துகிறார். ‘புரிந்தது’ என்று தலையாட்டினால் செல்லாது. சொன்னவரின் வேலை, கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லும்வரை முடிவதில்லை. சென்னையிலிருந்து வங்காள விரிகுடாவின் பெரும்பகுதிக்கு வானப் போக்குவரத்தை நடத்துகிறவர்கள் மலேசிய, இலங்கை, சீன, அரபு விமானிகளோடு ஒவ்வொரு நாளும் செய்வது இதைத்தான். கரையிலிருந்து தொலைதூரம் போன பிறகு குரலுக்குப் பதில், முன்கூட்டியே வகுத்த சொற்றொடர்களைத் திரையில் அனுப்பும் முறையும் இருக்கிறது.

கடலில் ‘மே’ கிடையாது

உலகக் கப்பல்களில் வேலை செய்கிறவர்கள் சுமார் 19 லட்சம் பேர் என்றது 2021-ஆம் ஆண்டின் ஓர் அறிக்கை. அதிக மாலுமிகளை அனுப்பும் ஐந்து நாடுகள் பிலிப்பைன்ஸ், ரஷ்யா, இந்தோனேசியா, சீனா, இந்தியா. ஐந்தில் ஒன்றுகூட ஆங்கிலம் தாய்மொழியான நாடு அல்ல. ஒரு கப்பலின் கேப்டன் உக்ரைன்காரராக, பொறியாளர் தூத்துக்குடிக்காரராக, சமையல்காரர் மணிலாக்காரராக இருப்பது சர்வசாதாரணம்.

1990 ஏப்ரல் 7 அதிகாலை, நார்வேயிலிருந்து டென்மார்க் போன ‘ஸ்காண்டிநேவியன் ஸ்டார்’ பயணிகள் கப்பலில் தீப்பற்றி 159 பேர் இறந்தார்கள். ஊழியர்கள் பலருக்கும் பயணிகளுக்கும் பொதுவான மொழி இல்லை. ஊழியர்களுக்குள்ளேயே ஒருவர் சொல்வது ஒருவருக்குப் புரியவில்லை. 1980-களில் பிரிட்டனில் மாலுமிகளும் மொழியியலாளர்களும் சேர்ந்து ‘சீஸ்பீக்’ என்ற சுருக்க ஆங்கிலத்தை ஏற்கெனவே உருவாக்கியிருந்தார்கள். சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001-ல் அதன் வழியில் நிலையான கடல் தொடர்பு சொற்றொடர்களை ஏற்றது.

இந்தச் சொற்றொடர்களின் அமைப்பு சுவாரசியமானது. எதைச் சொல்லும் முன்பும், அது என்ன வகைச் செய்தி என்று முதலில் சொல்லிவிடலாம்: கேள்வி, பதில், தகவல், எண்ணம், கோரிக்கை, அறிவுரை, எச்சரிக்கை, கட்டளை. மொத்தம் எட்டு வகை. கேட்பவரின் மனம் தயாரான பிறகுதான் விஷயம் வருகிறது. பதினைந்தும் ஐம்பதும் ஆங்கிலத்தில் ஒன்றுபோல ஒலிக்கும் என்பதால் எண்களை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்ல வேண்டும். ‘மே, மைட், ஷுட், குட்’ நான்கையும் தவிர்க்க வேண்டும். ‘மே ஐ என்டர்?’ என்பது நம் பள்ளியில் கற்றுத்தந்த பணிவான வாக்கியம். கடலில் அது ஆபத்து: அனுமதி கேட்கிறாரா, நுழையக்கூடும் என்கிறாரா? ‘கேள்வி. கால்வாயில் நுழைய எனக்கு அனுமதி உண்டா?’ என்றுதான் கேட்க வேண்டும். ‘ஆபத்தை நோக்கிப் போகிறீர்கள் போலிருக்கிறது’ என்ற நாகரிகத்துக்கும் இடமில்லை. ‘எச்சரிக்கை. நீங்கள் ஆபத்தை நோக்கிப் போகிறீர்கள்.’ முடிந்தது.

விண்வெளியில் தலைகீழ் ஏற்பாடு

1975 ஜூலை 17-ல் அமெரிக்காவின் அப்பல்லோவும் சோவியத்தின் சோயுஸும் விண்வெளியில் இணைந்தன. பனிப்போர் காலம், யார் மொழியில் பேசுவது என்பதே பெரிய அரசியல் ஆகியிருக்கலாம். பயிற்சியின்போது இரு தரப்பும் கண்டுபிடித்த வழி வேறு. அமெரிக்கர்கள் ரஷ்ய மொழியில் பேசினார்கள், சோவியத் வீரர்கள் ஆங்கிலத்தில் பேசினார்கள். தாய்மொழியில் பேசுகிறவர் வேகத்தையும் வழக்குச் சொல்லையும் அடக்குவது கடினம். கற்ற மொழியில் பேசுகிறவர் தானாகவே நிதானமாக, எளிய சொல்லாகத் தேடிப் பேசுவார். கேட்பவருக்கோ அது சொந்த மொழி. அமெரிக்கத் தளபதி தாமஸ் ஸ்டாஃபோர்டின் ரஷ்ய மொழியில் அவருடைய சொந்த மாநிலத்து வாடை அவ்வளவு வீசியதாம். ‘ஓக்லஹோம்ஸ்கி’ என்று அதற்குப் பெயர் வைத்தார் சோவியத் தளபதி அலெக்ஸி லியோனோவ். வாடை வீசினாலும் வேலை நடந்தது.

வீட்டுக்காரர் இல்லாத வீடு

தரையிலும் இப்படிப்பட்ட ஆங்கிலம் பெருகிவிட்டது. தென்கிழக்கு ஆசியாவின் பத்து நாடுகள் 2007-ல் கையெழுத்திட்ட ஆசியான் சாசனம், அமைப்பின் பணிமொழி ஆங்கிலம் என்கிறது. இந்தோனேசியரும் வியட்நாமியரும் தாய்லாந்துக்காரரும் உட்காரும் அந்த மேசையில் இங்கிலாந்துக்காரருக்கு நாற்காலியே கிடையாது. பிரிட்டன் 2020-ல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போன பிறகும் பிரஸ்ஸல்ஸில் ஆங்கிலம் போகவில்லை. ஆங்கிலத்தை ஆட்சிமொழியாகக் கொண்ட நாடுகளில் அயர்லாந்தும் மால்டாவும் மட்டுமே மிச்சம். அவர்கள் ஒன்றியத்தின் மக்களில் நூற்றுக்கு ஓரிருவர்.

இப்படிப்பட்ட பேச்சில் எது புரிதலைக் கெடுக்கிறது? வியன்னாவில் பார்பரா சைடில்ஹோஃபர் தலைமையில், தாய்மொழி அல்லாதவர்களின் ஆங்கில உரையாடல்களை ஏறக்குறைய பத்து லட்சம் சொற்கள் அளவுக்கு எழுத்தில் பதிந்தார்கள். நம் ஆசிரியர்கள் சிவப்பு மை தீரத் தீரத் திருத்தும் ‘ஹீ கோ’ போன்ற பிழைகளால் பேச்சு தடைப்படுவது அபூர்வம் என்று இந்தத் துறை ஆய்வுகள் காட்டின. எதிராளிக்குத் தெரியாத மரபுத்தொடரை ஒருவர் எடுத்துவிடும்போதுதான் பேச்சு முட்டுச்சந்தில் நிற்கிறது.

பிரிட்டிஷ் ஆய்வாளர் ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000-ல் வெளியிட்ட நூல், உச்சரிப்பில் எவையெவை கண்டிப்பாக வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டது. பல்லிடுக்கு ஒலி அதில் இல்லை. உயிரொலியின் குறில்-நெடில் வேறுபாடு உண்டு. சொல்லின் முதலில் வரும் வல்லினங்களை மூச்சோடு சொல்வதும் உண்டு. தமிழர்களுக்கு இது நேரடியான செய்தி. குறில்-நெடில் நமக்குக் கைவந்த கலை. அந்தக் கவலை இல்லை. ஆனால் ‘கோல்டு’ என்று தமிழில் எழுதினால் அது சளியா, தங்கமா? ‘பேக்’ என்றால் பையா, மூட்டை கட்டுவதா? நாம் மெனக்கெட வேண்டிய இடம் இது. அமெரிக்கர்போல மூக்கால் இழுப்பதற்குச் செலவிடும் நேரத்தை இதற்குக் கொடுக்கலாம்.

ஆய்வுக்கூடத்தில் ஒருவழிப் பாரம்

வானிலும் கடலிலும் பாரத்தை இரு தரப்பும் சுமக்கின்றன. அறிவியலில் அப்படி இல்லை.

1924-ல் டாக்கா பல்கலைக்கழகத்தில் இருந்த சத்யேந்திரநாத் போஸ், தன் ஆங்கிலக் கட்டுரையை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைனே அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து ஜெர்மானிய இதழில் வெளியிட வைத்தார். இயற்பியலின் முன்னணி இதழ்கள் அன்று ஜெர்மன் பேசின. ஆனால் அதற்கு முன்பே சரிவு தொடங்கியிருந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மன் விஞ்ஞானிகளை வெற்றி பெற்ற நாடுகள் ஒதுக்கிவைத்தன. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம் சிறு குழந்தைகளுக்கு அந்நிய மொழி கற்பிப்பதையே தடை செய்தது. 1923-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. பிறகு ஹிட்லரிடமிருந்து தப்பிய விஞ்ஞானிகள் அட்லாண்டிக்கைக் கடந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆய்வுப் பணமும் அமெரிக்காவில் குவிந்தது. இன்று இயற்கை அறிவியலில் ஆங்கிலத்தில் எழுதாதது எழுதப்படாததுபோல.

இதன் விலையை அளந்திருக்கிறார்கள். தட்சுயா அமானோ குழு 2023-ல் எட்டு நாடுகளைச் சேர்ந்த 908 சுற்றுச்சூழல் ஆய்வாளர்களிடம் நடத்திய ஆய்வு ‘பிளாஸ் பயாலஜி’ இதழில் வந்தது. ஆங்கிலம் தாய்மொழியல்லாத இளம் ஆய்வாளர் ஒரு கட்டுரையை எழுத ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நேரம் செலவிடுகிறார். மொழியைக் காரணம் காட்டிக் கட்டுரை நிராகரிக்கப்படுவதும் அவருக்கு இரண்டரை மடங்கு அதிகம். ஆய்வு ஒன்றுதான், மூளை ஒன்றுதான். ஒருவருக்குக் கூடுதல் வரி.

இழப்பு அவர்களுக்கு மட்டும் என்றும் சொல்ல முடியாது. சீனாவில் பன்றிகளுக்குப் பறவைக் காய்ச்சல் கிருமி தொற்றியதைச் சொன்ன ஆய்வுகள் சீன இதழ்களில் வந்ததால், உலக சுகாதார அமைப்பின் கண்ணில்கூட முதலில் படவில்லை. மலேரியாவுக்கான ஆர்டெமிசினின் மருந்தைக் கண்டறிந்து 2015-ல் நோபல் பெற்ற தூ யூயூ குழுவின் முதல் கட்டுரை 1977-ல் வந்தது, சீன மொழியில். தேட வேண்டிய பொறுப்பு தங்களுக்கும் உண்டு என்று ஆங்கிலக்காரர்கள் நினைக்காததால் அவர்களும்தான் இழந்தார்கள்.

மொழிபெயர்ப்புச் செயலிகள் இந்தப் பாரத்தைக் கொஞ்சம் குறைக்கத் தொடங்கியிருக்கின்றன. எழுதித் திருத்த நேரம் இருக்கும் இடத்தில் அவை பெரிய உதவி. இரைச்சலுக்கு நடுவே மூன்று நொடியில் பதில் சொல்ல வேண்டிய விமானி அறையின் கதை வேறு.

ருவாண்டாவின் எச்சரிக்கை

பொதுமொழி வேண்டும் என்பது ஒன்று. முதல் வகுப்பிலிருந்தே அதில்தான் எல்லாப் பாடமும் என்பது வேறொன்று. இரண்டையும் போட்டுக் குழப்பிய நாடு ருவாண்டா. கிட்டத்தட்ட எல்லாருமே கின்யர்வாண்டா பேசும் நாடு அது; பள்ளிகளில் பெரிதும் பிரெஞ்சு இருந்தது. 2008 அக்டோபரில் அமைச்சரவை ஒரே முடிவில் பயிற்றுமொழியை ஆங்கிலமாக்கியது. ஆங்கிலம் பேசும் கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளோடு வணிகம், 1994 இனப்படுகொலைக்குப் பிறகு பிரான்ஸோடு கசப்பு எனக் காரணங்கள் இருந்தன. ஆனால் ஆசிரியர்களில் மிகப் பலர் ஆங்கிலம் அறியாதவர்கள். தங்களுக்கே தெரியாத மொழியில் அவர்கள் கணக்கும் அறிவியலும் நடத்த வேண்டியிருந்தது. 2011-ல் தொடக்க வகுப்புகளுக்குத் தாய்மொழியே திரும்பியது. 2019-ல் மறுபடி முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் என்று அறிவித்தார்கள். நடுவில் அலைக்கழிந்தவர்கள் பிள்ளைகள்.

விமானிக்கு யாரும் பறப்பதன் இயற்பியலை ‘ட்ரீ, நைனர்’ வழியாகக் கற்றுத்தருவதில்லை. புரிந்த மொழியில் அறிவைப் பெற்றவர், பொதுமொழியில் அதைப் பரிமாறுகிறார். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் இரண்டும் அரைகுறையாகும்.

நம் வகுப்பறைக்கு மூன்று கேள்விகள்

தமிழ்நாட்டில் ஆங்கிலத்துக்குச் செலவாகும் பணத்துக்கும் கண்ணீருக்கும் குறைவில்லை. ‘முப்பதே நாளில் சரளம்’ என்று சுவரெல்லாம் விளம்பரம். சரளம் என்றால் வேகம், வேகம் என்றால் அந்தஸ்து என்று நம்மிடம் பதிந்துவிட்டது. நேர்முகத் தேர்வுக்குப் போகிற முதல் தலைமுறைப் பட்டதாரி தடுமாறினால் ஆங்கிலம் தெரியாதவர் என்கிறோம். எதிரே இருப்பவர் படபடவென்று பொரிந்தது அவருக்குப் புரியாமல் போனால், பொரிந்தவரை யாரும் குறை சொல்வதில்லை. நான்காம் நிலைத் தேர்வில் அந்தப் பொரிச்சலுக்கு மதிப்பெண் கிடைப்பது சந்தேகம்தான்.

உயிர் பணயமாக இருக்கும் இடங்களில் தேறிய முறையை வகுப்பறைக்குக் கொண்டுவருவதில் பெரிய செலவு ஏதும் இல்லை. இப்போது ஆங்கில மதிப்பெண் பெரும்பாலும் எழுத்துத் தேர்வில்தான் தீர்மானமாகிறது. அதோடு ஒரு ரீட்-பேக் தேர்வைச் சேர்க்கலாம். ஒரு மாணவி வரைபடத்தைப் பார்த்து வழி சொல்ல வேண்டும். வரைபடத்தைப் பார்க்காத இன்னொரு மாணவர் அதைத் திருப்பிச் சொல்லி, தாளில் வரைய வேண்டும். தேர்வாளர் பார்க்க வேண்டியவை மூன்று: வழி சரியாக வந்து சேர்ந்ததா? எண் பிசகியபோது யார் முதலில் கவனித்தார்? புரியாதபோது ‘மறுபடி சொல்லுங்கள்’ என்று கேட்கும் துணிவு இருந்ததா? மதிப்பெண் இருவருக்கும் ஒன்றே. கோடு தவறாகப் போயிருந்தால், அழகான ஆங்கிலத்தில் வழி சொன்னவருக்கும் பூஜ்யம்தான்.